ஐ.ஜி. சாரின் படை வரலாறு

கேட்காமல் தப்பிப்பதற்காகப் பேராசிரியர்கள் மதில் ஏறிக் குதித்த வரலாறு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது எங்கள் ஐ.ஜி. சார் சொல்லும் வரலாறு. கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். இயற்பியல் துறை ஆசாமி ஒருவர் நிஜமாகவே குதித்து, கணுக்கால் பிசகி, கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். "என்ன சார் இது?" என்று கேட்டால், "நின்னு கேக்கறதுக்கு இது தேவலாம் மேடம்" என்றார்.

ஐ.ஜி. என்றால் காவல்துறை ஐ.ஜி. இல்லை. திருவெள்ளறை போகிற சாலையில் ஒரு தனியார் பல்கலைக்கழகம். பெயர் நமக்கு வேண்டாம். அங்கே வணிகவியல் நடத்திக் குப்பை கொட்டுகிறவள் நான். அதன் வாசலைக் காத்த சொந்தக் காவல் படைக்குத் தலைவர் இவர். அதற்கு முன்னால் தனியார் பஸ்களில் நடுவழியில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்தாராம். பஸ்ஸை விட்டுவிட்டார், இன்ஸ்பெக்டரை மட்டும் விடவில்லை. பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு தனக்குத்தானே பதவி உயர்வு கொடுத்துக்கொண்டு மேலே போய்க்கொண்டே இருந்தார். மாணவர்கள் கிண்டலுக்குத்தான் ஐ.ஜி. என்று பெயர் வைத்தார்கள். அவர் அதை அரசாணையாக எடுத்துக்கொண்டார்.

தான் மட்டும் ஏறிக்கொண்டு போகிற சுயநலக்காரர் என்று சொல்ல முடியாது. தீபாவளிக்குத் தீபாவளி படையில் எல்லாருக்கும் தோளில் ஒரு நட்சத்திரம் கூடும். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஓய்வு பெற்றவர்கள், மலைக்கோட்டை நகைக்கடைகளில் வாசல் காத்தவர்கள் என்று எல்லாரும் தலை நரைத்தவர்கள். கொஞ்ச வருஷத்தில் அத்தனை பேரும் அதிகாரியாகிவிட்டார்கள், கான்ஸ்டபிள் என்று ஒருத்தர்கூட மிச்சமில்லை. துணைவேந்தர் கார் வந்தால், யார் முதலில் சல்யூட் அடிப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குள் கார் போய்விடும்.

இந்தப் படைக்குத்தான் வரலாறு. அதை ஐ.ஜி. சார் அத்தியாயம் அத்தியாயமாக மனப்பாடமாக வைத்திருந்தார். விளையாட்டு விழாவுக்கு வாங்கிய, ஸ்பீக்கர் வைத்த கை மைக் ஒன்றைத் திருப்பித் தராமல் தோளிலேயே மாட்டிக்கொண்டு திரிந்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த யாராவது, பாவம், ஒரு மரியாதைக்காக "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க சார்?" என்று கேட்டுவிட்டால் போச்சு. மைக்கை எடுத்து, "முதலாம் அத்தியாயம்! ஆடுகளின் படையெடுப்பு!" என்று தொடங்கிவிடுவார். அடிக்கல் நாட்டு விழாவுக்குக் கட்டிய மாலை தோரணத்தையெல்லாம் பக்கத்து ஊர் ஆடுகள் வந்து தின்றுவிட்டுப் போன கதை அது. அன்றைக்குத்தான் நிர்வாகம் பதறிப்போய் இந்தப் படையை அமைத்ததாம். பிற்பாடு கார்க் கண்ணாடியில் தன்னையே பார்த்துச் சண்டை போட்ட மயில் வரும். அது வரைக்கும் நானும் ஒரு தடவை தாக்குப் பிடித்திருக்கிறேன். மயில் தோகையை விரிக்கும்போது, போன் வந்ததாகப் பொய் சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

அவருக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான்: ஐ.டி. கார்டு. பல்கலைக்கழகத்தையே கட்டிய நிறுவனர் ஒருநாள் வெறுங்கையோடு வந்து மாட்டிக்கொண்டார். "யோவ், நான்தான்யா இந்த யுனிவர்சிட்டி!" என்று கத்தினார்.

"இருக்கட்டும் சார். யுனிவர்சிட்டிக்கு ஐ.டி. இருக்கா?" என்று கேட்டார் ஐ.ஜி.

டிரைவர் வீட்டுக்குப் போய்க் கார்டு கொண்டுவரும்வரை நிறுவனர் வெயிலில் நின்றார். அன்றோடு ஐ.ஜி.யின் சீட்டு கிழிந்தது என்றுதான் நினைத்தோம். நிறுவனரின் மனைவி விஷயத்தைக் கேள்விப்பட்டு விழுந்து விழுந்து சிரித்ததால் வேலை தப்பியது.

என் கதை இன்னும் மோசம். நாங்கள் இரண்டு பேரும் ஸ்ரீரங்கத்தில் ஒரே தெரு. காலையில் கோலம் போடும்போது, "இன்னிக்குப் பால் திரிஞ்சு போச்சும்மா. உங்க வீட்டுல எப்படி?" என்று விசாரிப்பார். நான் சாப்பிட்டுவிட்டு, ஸ்கூட்டரில் கொள்ளிடம் பாலம் தாண்டி அங்கே போய் நின்றால், அதே மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாரு? கார்டு?" என்பார்.

"சார், காலையில பாலைப் பத்திப் பேசினோமே!"

"அது ஸ்ரீரங்கம் மேடம். இது கேம்பஸ்."

இன்னொரு இம்சையும் இருந்தது. விசில். கார் வந்தால் ஒரு மாதிரி, துணைவேந்தர் வந்தால் ஒரு மாதிரி, பாம்பு வந்தால் மூன்று குட்டையும் ஒரு நெட்டையுமாக ஊதுவார்கள். பாம்பு விசில் கேட்டால் பெண்கள் விடுதியில் கம்பிக் கதவை இழுத்துப் பூட்டி, ஜன்னல்களைச் சாத்திவிட வேண்டும். வாராவாரம் ஒத்திகை நடக்கும். பாதிக் குளியலில் இருக்கிற பெண்கள் ஐ.ஜி.யின் குலத்தையே திட்டுவார்கள். இத்தனைக்கும் அங்கே ஒருத்தரும் பாம்பைப் பார்த்ததில்லை. ஒருமுறை தோட்டக்காரர் போட்டுவிட்டுப் போன ரப்பர் குழாயை அடித்து நொறுக்கியதுதான் மிச்சம்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

கடைசி செமஸ்டரின் கடைசிப் பரீட்சை. மத்தியானம் எனக்கு ஹால் டியூட்டி. கைப்பையை மாற்றிக்கொண்டு வந்ததில் கார்டு வீட்டிலேயே தங்கிவிட்டது. ஐ.ஜி. குறுக்குக் கம்பத்தைத் தூக்கவே மாட்டேன் என்கிறார்.

"ஐ.ஜி. சார், எக்ஸாம் டியூட்டி. விளையாடாதீங்க."

"போய் எடுத்துட்டு வாங்க மேடம். நான் எங்கயும் போக மாட்டேன்."

"ஸ்ரீரங்கத்துக்கா? இந்த வெயில்லயா? உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

"இருக்கு மேடம். அதுக்கும் கார்டு கேப்பேன்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு வெள்ளை வண்டி சைரன் அலற வந்து கம்பத்தை முட்டுகிற மாதிரி நின்றது. முன் கண்ணாடிக்குள் ஒரு போலீஸ் தொப்பி. ஒட்ட வெட்டிய தலையோடு நாலு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவன் கறுப்புக் கண்ணாடி போட்ட தடியன்.

"போலீஸ். ஸ்பெஷல் டீம். கேட்டைத் திற. ஹாஸ்டல்ல சுகன்யான்னு ஒரு பொண்ணு இருக்கா. அவ அப்பன் கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கான். கூட்டிட்டுப் போகணும்" என்றான்.

ஐ.ஜி. முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளை வந்துவிட்டார் என்றால் பெண் வீட்டார் முகம் மலருமே, அப்படி மலர்ந்தது. அவர் அடித்த சல்யூட்டில் தொப்பி நழுவிக் காதில் விழுந்தது. ஆனாலும் வாய்ப்பழக்கம் விடவில்லை. "சார், ஐ.டி. கார்டு..." என்று இழுத்தார்.

"போலீஸ்கிட்டயே ஐ.டி.யா? கொழுப்பா?"

"அதானே சார்" என்று வழிந்துகொண்டே கம்பத்தைத் தூக்கும் கயிற்றில் கையை வைத்தார் ஐ.ஜி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் பார்க்கிற என்னை வெயிலில் நிறுத்திவிட்டு, சைரன் ஊதியவனுக்குக் கதவைத் திறக்கிறார், பெரிய ஐ.ஜி.!

அந்த நேரம் என் போன் அடித்தது. சுகன்யா.

அவள் என் மாணவி. துறையூர்ப் பக்கத்துக் கிராமம். போன வாரம் என் அறைக்கு வந்து அழுதிருந்தாள். லாரி வைத்திருக்கும் தாய்மாமனுக்கு இவளைக் கட்டி வைப்பதாக வீட்டில் முடிவு. அம்மாவுக்கு விருப்பமில்லை, ஆனால் தம்பியை எதிர்த்துப் பேச அவளுக்குப் பயம். கோயம்புத்தூரில் சுகன்யாவுக்கு வேலை கிடைத்திருந்தது. "இந்த ஒரு பேப்பரை எழுதிட்டேன்னா நேரா பஸ் ஏறிடுவேன் மேடம். அப்புறம் என் கால்ல நான் நிப்பேன்" என்று சொல்லியிருந்தாள்.

இப்போது அவள் குரல் கிசுகிசுத்தது. "மேடம், ஜன்னல் வழியா பாத்தேன். அது போலீஸ் இல்ல மேடம். கூலிங் கிளாஸ் போட்டிருக்கறதுதான் எங்க மாமா. மத்தவங்க லாரி கிளீனருங்க. மாமா கிளம்பிட்டாருன்னு அம்மா போன்ல சொன்னப்பவே ஹெல்ப்லைனுக்குச் சொல்லிட்டேன். மகளிர் ஸ்டேஷன்லேர்ந்து வராங்களாம். கொள்ளிடம் பாலத்துல டிராஃபிக்காம். மேடம், அது வரைக்கும் அவங்களை உள்ள விட்டுடாதீங்க மேடம்."

கத்தலாம். கத்தினால் என்ன ஆகும்? அந்தக் கம்பம் வெறும் இரும்புக் குழாய். வண்டியை வேகமாக எடுத்தால் பிய்த்துக்கொண்டு போய்விடும். வாசலில் நிற்கிற அதிகாரிகள் அத்தனை பேருக்கும் முட்டி வலி. உள்ளே வலது பக்கம் திரும்பினால் பெண்கள் விடுதி. பகலில் அதன் கம்பிக் கதவு திறந்தே கிடக்கும். பதிவாளர் அறைக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. கயிறு அசைகிறது, கம்பம் மேலே எழும்புகிறது. எப்படிக் கேட்டேன், எங்கிருந்து அந்த யோசனை வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"ஐ.ஜி. சார்! இவ்ளோ பெரிய அதிகாரிங்க வந்திருக்காங்க. நம்ம படையோட வரலாறு சொல்லலையா?"

கயிறு நின்றது. பக்கத்தில் நின்ற படைக்காரர்களில் பொன்மலைக்காரர் ஒருவர் நடுங்கிப்போய், "மேடம், எதுக்கு வம்பு?" என்று முணுமுணுத்தார். ஐ.ஜி. என்னைப் பார்த்தார். கம்பம் மெல்லக் கீழே இறங்கியது. கயிற்றை இழுத்து ஒரு முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சாகப் போட்டார். பிறகு மைக்கை எடுத்தார்.

"கனம் பொருந்திய காவல்துறை அதிகாரிகளே!"

"யோவ், அதெல்லாம் வேணாம். கதவைத் திற."

"அப்படிச் சொல்லப்படாது சார். நம்ம வாசலுக்குப் போலீஸ் வர்றது இதான் முதல் தடவை. மரியாதை பண்ணாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. ஃபால் இன்!"

நரைத்த அதிகாரிகள் ஓடிவந்து வண்டிக்கு முன்னால் வரிசை கட்டினார்கள். விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள். போலீஸ் என்று சொல்லிக்கொண்டு வந்தவன் போலீஸ் மரியாதையை எப்படி வேண்டாம் என்பான்? நாலு பேரும் திருதிருவென்று விழித்தார்கள். அதில் சின்னவன் பதிலுக்கு ஒரு சல்யூட்கூட அடித்துத் தொலைத்தான்.

ஆடுகளின் படையெடுப்பு தொடங்கியது. ஒவ்வோர் ஆடாக வந்தது. தடியன் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்ததும் நான் குறுக்கே புகுந்தேன். "சார், அந்தக் கறுப்பு ஆட்டை விட்டுட்டீங்களே!"

"நல்ல வேளை ஞாபகப்படுத்தினீங்க மேடம். கறுப்பு ஆடானது..."

ஆடு முடிந்து, சீருடைக்குத் துணி எடுத்த கதை முடிந்து, நிறுவனரை வெயிலில் நிறுத்திய கதையும் முடிந்தது. என் காது முழுக்கச் சாலைப் பக்கமே இருந்தது. லாரி வருகிறது, மினி பஸ் வருகிறது, போலீஸைக் காணோம். இவர் நிஜமாகவே விஷயம் புரிந்துதான் சொல்கிறாரா, இல்லை ஆள் கிடைத்த சந்தோஷத்தில் உளறுகிறாரா என்று எனக்குச் சந்தேகம். தடியன் பல்லை நறநறவென்று கடித்தான்.

"அடுத்த அத்தியாயம், விசில் மொழி! செய்முறை விளக்கத்தோடு!" என்று அறிவித்தார் ஐ.ஜி. காருக்கு ஊதிக் காட்டினார். துணைவேந்தருக்கு ஊதிக் காட்டினார். பிறகு மூச்சை நன்றாக இழுத்து, மைக்கில் விசிலை வைத்து, மூன்று குட்டை, ஒரு நெட்டை.

விடுதிப் பக்கம் கம்பிக் கதவு கிறீச்சிட்டு மூடுகிற சத்தம் கேட்டது. ஜன்னல்கள் டப்டப்பென்று அடைந்தன. மனுஷருக்கு விஷயம் புரிந்துதான் இருக்கிறது!

"அது என்ன விசில்?" என்றான் தடியன்.

"பாம்பு சார்."

"பாம்பா? எங்க?"

"சொல்ல முடியாது சார். வாசல்லயேகூட நிக்கும்" என்றார் ஐ.ஜி., அவன் கறுப்புக் கண்ணாடியை நேராகப் பார்த்துக்கொண்டு. சின்னவன் காலைத் தூக்கிக்கொண்டு குதித்தான்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடம், உங்களுக்கு எக்ஸாம் டியூட்டின்னீங்களே. நீங்க எதுக்கு நிக்கறீங்க? உள்ள போங்க."

பழக்க தோஷம், என் வாயிலிருந்து, "என்கிட்ட கார்டு இல்லையே சார்" என்று வந்துவிட்டது.

"தெரியும். போங்க."

கம்பத்துக்கு அடியில் குனிந்து நுழைந்து நடந்தேன். ஓடினால் சந்தேகம் வரும், அதனால் நடந்தேன். திருப்பம் தாண்டியதும் ஓடினேன். விடுதிக் கதவை எனக்காகக் கொஞ்சம் திறந்து மறுபடி பூட்டினார்கள். சுகன்யா மாடி அறையில் ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மைக்கில் ஐ.ஜி.யின் குரல் வளாகம் முழுக்க முழங்கியது. அந்தக் குரல் கேட்கிறவரை அவர்கள் வாசலில்தான் இருக்கிறார்கள். வாழ்நாளில் எந்தச் சங்கீதத்தையும் நான் அவ்வளவு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டதில்லை.

"மேடம், இப்ப மயில் கதை வந்துடுச்சு. இது எவ்ளோ நேரம்?"

"தெரியலம்மா. நான் பாதியிலயே ஓடிட்டேன்."

"நானும்தான் மேடம்" என்றாள். "சீக்கிரம் முடிஞ்சிடுமா?"

"அவரு கதை எது சீக்கிரம் முடிஞ்சிருக்கு? பயப்படாத" என்றேன். ஆனால் மனசுக்குள், ரங்கநாதா, அந்த மயிலை இன்னும் கொஞ்ச நேரம் சண்டை போட வையப்பா என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"தன் பிம்பத்தைக் கண்ட மயிலானது, சினம் கொண்டு..." என்று குரல் உயர்ந்தது. "நிறுத்துடா டேய்!" என்று ஓர் உறுமல். தொம்மென்று ஒரு சத்தம். மைக் கீச்சென்று அலறியது. பிறகு ஒன்றுமே இல்லை.

சுகன்யா என் கையை நகம் பதிய இறுக்கினாள். வண்டி உறுமுகிற சத்தம் கேட்டது. ஹார்ன் விடாமல் அலறியது. விடுதிப் பெண்கள் யாரும் மூச்சுவிடவில்லை. ஒருத்தி மட்டும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் போய் நின்றாள். வண்டி ஏன் இன்னும் உள்ளே வரவில்லை? அந்த மனுஷனை என்ன செய்தார்கள்? பாலைப் பற்றிக் கேட்கிற மனுஷன், வயசானவர், அவரை நானல்லவா மாட்டிவிட்டேன்!

இன்னொரு சைரன் கேட்டது. அதட்டலாக ஒரு பெண் குரல். கதவுகள் திறந்து மூடின. ஓட்டமும் சத்தமுமாக இருந்தது. அப்புறம் யாரோ மைக்கைத் தட்டினார்கள்.

"ஹலோ... ஹலோ... விட்ட இடத்திலிருந்து. சினம் கொண்ட மயிலானது..."

சுகன்யா சிரித்துக்கொண்டே அழுதாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

நடந்ததைப் பொன்மலைக்காரர் பிற்பாடு சொன்னார். தடியன் மைக்கைப் பிடுங்கி அதனாலேயே ஐ.ஜி.யின் நெற்றியில் அடித்திருக்கிறான். அவர் கீழே விழுந்தவர் எழுந்திருக்கவில்லை, வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் அப்படியே நீட்டிப் படுத்துவிட்டார். மற்ற அதிகாரிகளும் வரிசையாகப் படுத்துவிட்டார்கள். யார் முதலில் என்று இந்தத் தடவை ஒருத்தரும் முகம் பார்க்கவில்லை. மகளிர் போலீஸ் வந்து நாலு பேரையும் அள்ளிக்கொண்டு போனது. அதற்கு முன்னால், நெற்றியில் ரத்தம் ஒழுக எழுந்து நின்ற ஐ.ஜி., எஸ்.ஐ. அம்மாவிடம் ஐ.டி. கார்டு கேட்டாராம். அந்த அம்மா உடனே எடுத்துக் காட்டினாராம்.

சுகன்யா மத்தியானம் பரீட்சை எழுதினாள். ஹால் வாசலில் தலைக்கட்டோடு ஐ.ஜி. காவல் நின்றார். அவளிடமும் ஹால் டிக்கெட்டை வாங்கிப் போட்டோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். சாயங்காலம் எஸ்.ஐ. அம்மாவின் வண்டியிலேயே பஸ் நிலையம் போய், அவள் கோயம்புத்தூர் பஸ் ஏறினாள்.

அவள் போன பிறகு அவரிடம் கேட்டேன். "அவங்க போலீஸ் இல்லன்னு உங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சுது?"

"நீங்க வரலாறு கேட்டீங்க பாருங்க, அப்பத்தான்."

"நான்தான் ஒண்ணும் சொல்லலையே?"

"அதாம்மா. நல்ல புத்தியில இருக்கறவங்க யாராவது என்கிட்ட அதைக் கேப்பாங்களா? மதில் ஏறிக் குதிக்கறதை நான் பாக்காமலா இருக்கேன்? மேடமே வாயைத் திறந்து கேக்கறாங்கன்னா, ஏதோ பெரிய ஆபத்துன்னு புரிஞ்சுக்கிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு அவரோடு சாலை முனைவரை நடந்தேன்.

பிறகு நிர்வாகம் படையைக் கலைத்துவிட்டு வெளி ஏஜென்சிக்கு வேலையைக் கொடுத்துவிட்டது. வாசலில் இப்போது முகத்தைப் பார்த்துத் திறக்கிற மெஷின் வந்திருக்கிறது. அதற்கு ஒரு வரலாறும் தெரியாது. நட்சத்திரங்களையெல்லாம் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். மைக்கை மட்டும் கேட்க மறந்துவிட்டார்கள், அவரும் நினைவூட்டவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். தெருவில் நின்று, வருகிற ஆட்டோக்களுக்கெல்லாம் கை காட்டி ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். யாரும் அவர் பேச்சைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"ஐ.ஜி. சார், நம்ம படையோட வரலாறு சொல்றீங்களா? மயிலுக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. சட்டென்று என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளி நிறுத்தினார். தெருவின் இந்த முனையையும் அந்த முனையையும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "எத்தனை பேரும்மா? எங்க நிக்கறாங்க?" என்று கேட்டார்.

"யாரும் வரல சார். எனக்கே கேக்கணும்போல இருக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போனார். தொப்பியைப் போட்டுக்கொண்டு, மைக்கோடு வந்தார். எனக்கு நாற்காலி போட்டார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு ஞாபகம் வந்தவராகக் கையை நீட்டினார்.

"ஐ.டி. கார்டு?"

எடுத்துக் காட்டினேன்.